தாடி நம்பர் ஒன்று, தாடி நம்பர் இரண்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் ஐந்து நண்பர்களும் இரண்டு வருடமாக ஞாயிறு இரவுகளில் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி வளர்க்கும் கதை விளையாட்டு அது. நாலு பேர் சென்னையில், ஒருத்தி டொரண்டோவில். அவளுக்கு அது காலை நேரம், காபியோடு வருவாள். கதையை நடத்தும் டன்ஜியன் மாஸ்டர் நான்.

இப்போது எங்கள் கேம்பெயினில், அதாவது தொடர்கதையில், யுத்தம். வடக்கு மலைகளில் மூன்று டுவார்ஃப் ராஜ்யங்கள் (மலைக்குள் வாழும் குட்டையான தாடிக்கார இனம்): ஒன்றில் இரும்புச் சுரங்கம், ஒன்றில் பொன், மூன்றாவது கணவாயைக் காக்கும் பழைய கோட்டை. ஓர்க் என்ற அரக்க இனத்தின் படை கணவாயைப் பிடித்துவிட்டது. பிளேயர்கள் மனித ராஜ்யத்தின் தூதர்கள். மூன்று அரசர்களையும் ஒரே அணியில் சேர்ப்பது அவர்கள் வேலை. ஒவ்வோர் அரசருக்கும் நான்கு பக்கம் எழுதினேன். வம்சாவளி, கோடரியின் பெயர், தாடியின் பின்னல், பழைய பகை எல்லாம் உண்டு. முதல் இருவரையும் சந்தித்த செஷன் முடிந்ததும் ஒருவன் கேட்டான்: "டேய், இதைச் சொன்னது தாடி நம்பர் ஒன்றா, தாடி நம்பர் இரண்டா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று தூக்கம் வரவில்லை.

மூவரும் கோபக்காரர்கள். மூவருக்கும் கௌரவம் பெரிது. மூவரும் காட்டில் வாழும் எல்ஃப் இனத்தாரை வெறுக்கிறார்கள். என் வாயில் மூவரும் ஒரே தாத்தாவாகப் பேசுகிறார்கள். மூன்றாமவரை இன்னும் சந்திக்கவில்லை, அவரையாவது காப்பாற்ற வேண்டும். இன்னொன்று, தமிழில் இவர்களை என்னவென்று சொல்வது? 'குள்ளர்' என்றால் திட்டுவதுபோல இருக்கிறது.

பின்குறிப்பு: மூன்றாமவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கொன்றுவிட்டு வாரிசிடம் பேசலாம் என்று பிளேயர்கள் திட்டம் போடுகிறார்கள். விடலாமா?

(எழுதியவர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தச் சொல். நீங்கள் சொல்வது சரி, குள்ளன் என்பது நம் வாயில் பட்டப்பெயராகத்தான் வரும். சிறுவர் கதைகளில் 'சித்திரக்குள்ளர்' உண்டு. அழகான சொல்தான், ஆனால் உச்சரித்த மாத்திரத்தில் கூம்புத் தொப்பி போட்ட ஏழு பேர் வரிசையாக வந்து நின்றுவிடுவார்கள். யுத்தத்துக்கு ஆகாது. டுவார்ஃப் என்றே சொல்லுங்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ள மட்டும் ஒரு தமிழ்ச்சொல் வையுங்கள். 'மலைக்குடி' போதும். வாசல் காவலன் ஒருவன் "நாங்கள் மலைக்குடி, நீங்கள் வெயில்குடி" என்று சொல்லட்டும், யார் யாரைக் குனிந்து பார்க்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இனி தாடிகள். கடிதத்தோடு அனுப்பிய பன்னிரண்டு பக்கங்களையும் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அத்தனையும் அரசரிடம் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். அவரால் எதை உத்தரவிட முடியாது என்று ஒரு வரிகூட இல்லை. தூதர்கள் வந்து ஒன்று கேட்கிறார்கள், அரசருக்கும் கொடுக்க மனம் இருக்கிறது, ஆனால் கொடுக்க முடியவில்லை. ஏன் என்பதில்தான் அவர் யார் என்று தெரியவரும். தாடியின் பின்னலில் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் நானும் மேஜையில் அரசன் வேடம் கட்டியிருக்கிறேன். என் அரசனின் கோடரிக்கு ஒரு வரலாறு இருந்தது, அதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. பேசி முடித்து நிமிர்ந்தால், எதிரே இருந்தவன் பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தான். நல்ல கோபுரம்.

1974இல் இந்த விளையாட்டு வந்தபோது அதன் டுவார்ஃப்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனிடமிருந்து வந்தவர்கள். அவருடைய பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் மூன்றாம் பாகம் 1955இல் வெளியானது. அதன் பின்னிணைப்பில் டுவார்ஃப்களுக்கும் ஓர்க்குகளுக்கும் நடந்த யுத்தம் சில பக்கங்களில் வருகிறது. உங்களுக்கு வேண்டிய அரசர்கள் அங்கே இருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே எதிரி, ஒரே பகை, ஒரே தாடி. ஆனாலும் ஒருவரை இன்னொருவராக நினைக்கவே முடியாது.

நாடிழந்த கிழ அரசன் திரோர். ஒரே ஒரு துணையோடு மூதாதையரின் நிலத்தடி நகரமான மோரியாவுக்கு நடந்து போய், தனியாக உள்ளே நுழைகிறான். ஓர்க் தலைவன் அஸோக் (சிரிக்காதீர்கள்) அவன் தலையை வெட்டி, நெற்றியில் தன் பெயரைச் சூடு போட்டு, வெளியே எறிகிறான். காத்திருந்த துணைவனுக்குக் கூலி என்று ஒரு சில்லறைப் பையையும் வீசுகிறான். செய்தி மகன் திராயினுக்கு வருகிறது. ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுகிறான். படை திரட்டவே மூன்று வருடம். பிறகு ஆறு வருடம் மலைகளுக்கு அடியில் யுத்தம். கடைசிப் போர் மோரியாவின் வாசலில். அஸோக் அங்கே ஒரு டுவார்ஃப் தலைவனைக் கொல்ல, அந்தத் தலைவனின் மகன் டாயின் துரத்திப் போய் அஸோக்கை வாசல் முன்பே வெட்டுகிறான். டாயினுக்கு வயது 32, டுவார்ஃப் கணக்கில் பொடியன். வெட்டிய தலையின் வாயில் அந்தப் பழைய சில்லறைப் பையைத் திணிக்கிறார்கள். கணக்கு தீர்ந்தது.

நானாக இருந்தால் இங்கேயே முரசு கொட்டி முடித்திருப்பேன். டோல்கீன் மறுநாள் காலைக்குப் போகிறார். ஒரு கண் போய், ஒரு கால் நொண்ட, திராயின் படையின் முன்னால் நின்று மோரியா இனி நம்முடையது என்கிறான். உதவிக்கு வந்த மற்ற குலத்தார் நகரவில்லை. பழிவாங்க வந்தோம், வாங்கியாயிற்று, அது உன் மூதாதையர் வீடு, எங்களுடையது இல்லை என்கிறார்கள். திராயின் டாயினிடம் திரும்புகிறான். வாசலின் இருட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தவன் அவன் ஒருவன்தான். வாசலிலிருந்து இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. உள்ளே என்ன காத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வரமாட்டோம் என்கிறான்.

இறந்தவர்களைக் கல்லில்தான் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அத்தனை பேருக்கும் கல்லறை குடைய வருடக்கணக்காகும். பள்ளத்தாக்கின் மரங்களை வெட்டி உடல்களை எரித்தார்கள். 'என் தாத்தா எரிக்கப்பட்டவர்' என்று சொல்வது பிறகு பெருமையாயிற்று. இந்த ஒரு விவரத்துக்கு உங்கள் பன்னிரண்டு பக்கங்களையும் என் கோடரியையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். டுவார்ஃப் யுத்தத்தில் சாவு என்றால் என்ன என்று அரசன் வாய் திறக்காமலே தெரிகிறது. இன்னொன்றும் அங்கேயே இருக்கிறது: அவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை, மக்கள்தொகை மிக மெதுவாகத்தான் பெருகும். "ஐந்நூறு வீரர்களைக் கொடுங்கள்" என்று உங்கள் தூதர்கள் சாதாரணமாகக் கேட்டால், அதைக் கேட்டதும் அந்த மண்டபமே ஒரு கணம் பேசாமல் இருக்க வேண்டும்.

உங்கள் இரும்பு அரசருக்கு நிஜச் சுரங்கம் ஒன்று சொல்கிறேன். ஸ்வீடனில் ஃபாலுன் செம்புச் சுரங்கம். அங்கே எட்டில் ஒரு பங்கை ஒரு பிஷப் திரும்பப் பெற்றதற்கு 1288ஆம் ஆண்டுப் பத்திரம் இருக்கிறது. 1347இல் ராஜா தந்த சாசனமும் இருக்கிறது, சுரங்கத்தாருக்கு என்னென்ன உரிமை என்று சொல்வது. ராஜாவின் நாட்டில் இருந்தாலும் சுரங்கம் பங்குதாரர்களுடையது. பதினேழாம் நூற்றாண்டில், அது உச்சத்தில் இருந்தபோது, ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்து வந்தது. முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் இறங்கிச் சண்டை போட்ட செலவுக்கு அந்தச் செம்பும் ஒரு முதுகெலும்பு. பாறையில் நெருப்பு மூட்டிச் சூடாக்கி விரிசல் விட வைத்து வெட்டுவார்கள். வெட்ட வெட்டக் குழிகளுக்கு இடையே சுவர் மெலிந்துகொண்டே போயிற்று. 1687இல் ஒருநாள் எல்லாம் சேர்ந்து சரிந்தது. அன்று கோடைநடுத் திருவிழா, விடுமுறை. ஒருவரும் சாகவில்லை.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தூதர்கள் இரண்டாயிரம் வாள் கேட்கிறார்கள். ஒவ்வொரு வாளுக்கும் ஒரு பிடி இரும்பு, ஒவ்வொரு பிடி இரும்புக்கும் கூரையைத் தாங்கும் தூணில் ஒரு செதில். அரசருக்குத் தெரியும், சுரங்கத்தாருக்கும் தெரியும். வெட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் பங்குதாரர்கள், அவர்கள் கூடுவது திருவிழா அன்றுதான். அரசர் கத்துவதெல்லாம் தூதர்களைப் பார்த்துத்தான், பங்குதாரர் யாராவது உள்ளே வந்தால் குரல் இறங்கிவிடும்.

பொன் அரசருக்கு ஆக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஃபுக்கர். டைரோல் வெள்ளியிலும் ஹங்கேரிச் செம்பிலும் கொழித்த வட்டிக்காரர். 1519இல் ஐந்தாம் சார்லஸ் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட, வாக்குரிமை இருந்த சிற்றரசர்களுக்கு அள்ளி இறைத்தது சுமார் எட்டரை லட்சம் கில்டர், அதில் ஐந்து லட்சத்துக்கு மேல் ஃபுக்கர் கொடுத்தது. கடன் திரும்பி வரத் தாமதமானபோது, என் உதவி இல்லாமல் உங்களுக்கு இந்தக் கிரீடம் கிடைத்திருக்காது என்ற பொருளில் பேரரசருக்கே 1523இல் கடிதம் போட்டார். உங்கள் தூதர்களை அனுப்பிய மனித ராஜா இந்தப் பொன் அரசரிடம் கடன்பட்டிருக்கட்டும். ஓர்க்குகள் ஜெயித்தால் கடனாளி காலி, கடன் போயிற்று. கடனாளி ஜெயித்து வலுத்துவிட்டாலும் கடன் போயிற்று. ஆகவே இவர் உதவுவார், இழுத்துக்கொண்டே போகும் அளவுக்கு மட்டும். இவருக்குக் கோபமே வேண்டாம். உபசாரம் பலமாக இருக்கட்டும்.

எல்ஃப் வெறுப்பை மூவருக்கும் பொதுவாக வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், உலைக்குக் கரி வேண்டும். மலைக்குள் மரம் முளைக்காது. அந்த மரம் யார் காட்டிலிருந்து வருகிறது?

சோறும் அப்படித்தான். படை, குடி, கூழ் என்று வரிசையாக ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். டுவார்ஃப் அரசனுக்கு மூன்றாவதிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் மூன்றாம் கோட்டைக்குத் தானியம் வந்த வழி கணவாய்தானே? அது போய்விட்டது. அப்படியென்றால் அங்கே சாவிக்கொத்து வைத்திருப்பவர்தான் பெரியவர், கிரீடம் வைத்திருப்பவர் அடுத்தபடி.

உங்கள் வாயில் மூவரும் ஒரே தாத்தாவாகப் பேசுவதாகச் சொன்னீர்கள். தொண்டையைக் கரகரப்பாக்க வேண்டாம், மூன்றாம் மணி நேரம் இருமல் வரும். எந்த ஊர்ப் பேச்சையும் கேலி செய்து ஒட்டவும் வேண்டாம். தமிழிலேயே ஒரு வசதி இருக்கிறது, ஆங்கிலத்தில் ஆடுகிறவர்களுக்கு அது கிடைக்காது: நீ, நீர், நீங்கள். இரும்பு அரசர் தூதர்களை 'நீர்' என்கிறார், தளபதியை 'நீ' என்கிறார், கரி பூசிய முகத்தோடு வந்த கிழட்டுச் சுரங்கத்தானை 'நீங்கள்' என்கிறார். யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். பொன் அரசர் எல்லோருக்கும் 'நீங்கள்'தான், வட்டி பேசும்போது மட்டும் 'நாம்' ஆகிவிடுவார். மூன்றாமவர் எல்லோரையும் 'நீ' என்பார், ஒரே ஒருத்தியைத் தவிர. அவள் தானியக் கிடங்கின் சாவிக்காரி. அவருடைய அக்கா.

வயதையும் மறந்துவிட்டீர்கள். இந்த விளையாட்டின் 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி டுவார்ஃப் சராசரியாக 350 வருடம் வாழ்வார். உங்கள் தூதர்கள் ஓலையை நீட்டும்போது மூன்றாமவர் அதை வாங்காமலே, "முத்திரையில் கழுகை எப்போது மாற்றினீர்கள்? உன் ராஜாவின் கொள்ளுப்பாட்டன் இதே ஓலையைக் கொண்டுவந்தபோது கரடி இருந்தது. அந்த ஒப்பந்தத்தையே இன்னும் நீங்கள் நிறைவேற்றவில்லை" என்று சொல்லட்டும். பழம்பகை என்று தனியாக ஒரு பக்கம் எழுதத் தேவையில்லை.

முதல் இருவரையும் சந்தித்தாகிவிட்டதே, இனி மாற்ற முடியுமா என்று நினைப்பீர்கள். முடியும். அன்று அவர்கள் பேசியது சபையில். இரண்டாம் சந்திப்பைச் சுரங்கத்தின் அடியில் வையுங்கள், அல்லது ராத்திரி கணக்கறையில். சபையில் எல்லா அரசர்களும் ஒரே தாத்தாவாகப் பேசுவது உலக வழக்கம்தான்.

கடைசியாகப் பின்குறிப்பு. கொல்ல விடலாமா? விடுங்கள். தடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். பகடை நல்லபடி விழுந்தால் அரசர் சாகட்டும். வாரிசு அந்த அக்காதான். அவள் அழவோ வாளை உருவவோ வேண்டாம். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கோட்டைக்கு வந்த நாளிலிருந்து இந்த ஐந்து பேரும் எத்தனை ரொட்டி தின்றார்கள் என்று ஒவ்வொருவராகக் கைகாட்டிக் கணக்குச் சொல்லட்டும். எண்ணிக்கையை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டொரண்டோக்காரிக்கு இரண்டு ரொட்டி கூடுதலாகப் போடுங்கள்.

அன்புடன்.