அப்பச்சியின் ஆபா கணக்கில் வேறொருவர் கைப்பேசி எண்

தேவகோட்டையில் தனியாக இருக்கும் அப்பச்சிக்கு ஆபா (ABHA) என்னும் மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு தொடங்கியபோது பக்கத்து வீட்டுப் பையனின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டார்கள், இனி மருத்துவக் குறிப்பெல்லாம் அவனுக்குத் தெரியுமா என்று சிங்கப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான்.

குறிப்புகள் ஏதோ ஒரு டெல்லிக் கணினியில் குவிவதில்லை. காரைக்குடியில் எடுத்த ஸ்கேன் அந்த மருத்துவமனையிடமே இருக்கும். மதுரை மருத்துவர் அதைப் பார்க்க வேண்டுமென்றால் அப்பச்சியின் ஒப்புதல் வேண்டும். எதற்காக, எந்தத் தேதிக் குறிப்புகள், எத்தனை நாளைக்கு என்று அந்தக் கோரிக்கையிலேயே இருக்கும். கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும். ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கணக்குக்குள் நுழையத் தேவையான ஓடிபி போகும் கைப்பேசி யாரிடம் இருக்கிறதோ, அவர் கையில்தான் நடைமுறையில் எல்லாம். முதியவர்கள் தனியாக வாழும் நம் ஊர்களில் இதை யாராவது கவனித்தே ஆக வேண்டும்.

ஆகவே முதலில் எண்ணை மாற்றுங்கள். ஆபா தளத்தில் அப்பச்சியின் கணக்குக்குள் போய் மாற்றலாம். ஆதாரிலும் அந்தப் பையனின் எண்தான் இருக்கிறதென்றால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்; அப்பச்சியை ஆதார் மையத்துக்கு அழைத்துப்போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் சிங்கப்பூர் எண் வேண்டாம், அப்பச்சி கையிலேயே இருக்கும் எண்ணைக் கொடுங்கள்.

அப்புறம், ஆபா கட்டாயமில்லை. அது இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்பது 2020 டிசம்பரில் வந்த மத்திய அரசின் சுகாதாரத் தரவுக் கொள்கையிலேயே இருக்கிறது. வேண்டாமென்றால் கணக்கை நீக்கிவிடலாம். முதல்வர் காப்பீட்டு அட்டை வேறு, இது வேறு.