ஆடி 90, 2.3 அஞ்சு சிலிண்டர்: சூட்டுல ஸ்டார்ட் ஆகல, ஐட்லிங் ஆடுது, ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டர மாத்தணுமா?

ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, என்கிட்ட 1989 ஆடி 90 இருக்கு, 2.3 லிட்டர் அஞ்சு சிலிண்டர் பெட்ரோல், இன்ஜின் கோடு என்ஜி. நாலு வருஷம் ஷெட்லயே நின்னுச்சு, இப்பதான் எடுத்து ஓட்டுறேன். காலைல ஒரே செல்ஃப்ல புடிச்சுக்குது. ஆனா ஓட்டிட்டு வந்து நிறுத்தி இருபது நிமிஷம் கழிச்சு எடுத்தா பதினஞ்சு செகண்டு செல்ஃப் அடிக்கணும். ஐட்லிங் 700க்கும் 1200க்கும் நடுவுல ஏறி இறங்குது, நின்னா ஆயில் கருகுற வாடை வேற. ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டர் போச்சு, மாத்துங்கன்னு மெக்கானிக் சொல்றார். மாத்தவா? இந்த இன்ஜினோட ஸ்பெக்கும் வழக்கமா வர்ற கம்ப்ளைன்டும் சொல்லுங்க."

இப்போதைக்கு மாத்தாதீங்க தம்பி. நீங்க சொல்ற மூணு கம்ப்ளைன்டுக்கும் ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டர்தான் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல அளந்து பிரிச்சு விடுற பாகம்) காரணம்னு சொல்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு, அதுல பாதி வெறும் ரப்பர்.

ஸ்பெக்க முதல்ல சொல்லிடுறேன். உங்க என்ஜி இன்ஜின் 2309 சிசி, போர் 82.5 மிமீ, ஸ்ட்ரோக் 86.4 மிமீ, சிலிண்டருக்கு ரெண்டு வால்வு வீதம் மொத்தம் பத்து வால்வு, கம்ப்ரஷன் 10:1, 5500 ஆர்பிஎம்ல 133 பிஎஸ், 4000ல 186 நியூட்டன் மீட்டர். இரும்பு பிளாக், அலுமினியம் ஹெட், ஹைட்ராலிக் டேப்பட், அதனால டேப்பட் கேப் வெக்கிற வேலையே கிடையாது. பெட்ரோல் குடுக்கிறது போஷ் கேஇ-3 ஜெட்ரானிக். ஆடி 100ல வந்த என்எஃப் இன்ஜின் இதோட அண்ணன் மாதிரி, அதே சிசி, 136 பிஎஸ். இந்தக் குடும்பம் ஆரம்பிச்சது 1976ல காட்டின ரெண்டாம் தலைமுறை ஆடி 100ல, அப்போ 2144 சிசி. ஆடில இன்ஜின் முன் ஆக்சிலுக்கும் முன்னாடி உக்காந்திருக்கும், அந்த இடத்துல ஆறு சிலிண்டர வரிசையா வெச்சா மூக்கு ரொம்ப நீண்டுரும், நாலு போதல, அதான் அஞ்சு. இங்க ரேடியேட்டரே இன்ஜினுக்கு முன்னாடி இல்லாம பக்கவாட்டுல தள்ளி இருக்கும் பாருங்க, அந்த இடநெருக்கடிதான் காரணம்.

ஃபயரிங் ஆர்டர் 1-2-4-5-3. கிராங்க் 144 டிகிரி சுத்தும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடிக்கும், அந்த ஒத்தப்படை தாளம்தான் இதோட தனிச் சத்தம். நாலு சிலிண்டரே பாத்துப் பழகின கை பிளக் வயர மாத்திச் சொருகிட்டா கூட இன்ஜின் ஓடத்தான் செய்யும், ஆனா மிஸ்ஸிங் அடிக்கும், அதனால அதையும் ஒரு தடவ சரிபாத்துக்குங்க. டிஸ்ட்ரிபியூட்டர் (இது இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர், மெக்கானிக் சொன்னது வேற) ஹெட்டோட பின்பக்கம், ஃபயர்வால ஒட்டி இருக்கும்.

இப்ப ஐட்லிங்குக்கு வர்றேன். கேஇ ஜெட்ரானிக்ல உள்ள போற காத்து ஒரு வட்டத் தட்டத் தூக்கும், தட்டு எவ்வளவு நகருதோ அந்த அளவுக்கு ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ஒரு பிளஞ்சர் நகந்து பெட்ரோல் விடும். அதாவது தட்டத் தாண்டி வர்ற காத்து மட்டும்தான் கணக்குல சேரும். அதுக்குப் பின்னாடி எங்க ஓட்ட இருந்தாலும் அந்தக் காத்து கணக்குல வராது, மிக்ஸ்சர் லீன் ஆகி (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி), ஐட்லிங் வால்வு தொறந்து மூடி தொறந்து மூடி ஆர்பிஎம்ம தேடிக்கிட்டே இருக்கும், நீங்க சொல்ற ஏத்த இறக்கம் அதேதான். இதுல நிறைய பேர் கோட்ட விடுற விஷயம் என்னன்னா கிராங்க்கேஸும் (கிராங்க்கும் ஆயிலும் இருக்கிற அடி அறை) இந்தக் கணக்குல சேர்த்தி. ஆயில் ஃபில்லர் மூடி, டிப்ஸ்டிக்கோட ரப்பர், வால்வு கவர் கேஸ்கெட், பிரீதர் ஹோஸ் (கிராங்க்கேஸ் ஆவிய இன்ஜின் காத்துப் பாதைக்குக் கொண்டு போற குழாய்), இதுல எது விட்டாலும் காத்து அது வழியா உள்ள போகும். நானே ஒரு கார்ல ரெண்டு வாரம் ஐட்லிங் வால்வையும் சென்சரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, கடைசில பாத்தா டிப்ஸ்டிக் தலைல இருக்கிற ஓ-ரிங் கல்லு மாதிரி காஞ்சு போய் சும்மா சுத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு வாரம்!

உங்களுக்கு ஆயில் கருகுற வாடை வருதுன்னு சொன்னதும் எனக்கு முதல்ல தோணுனது வால்வு கவர் கேஸ்கெட்தான். ஆயில் அங்க கசிஞ்சு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல சொட்டுனா அந்த வாடை வரும், ஆயில் வெளிய வர்ற அதே இடுக்கு வழியா காத்தும் உள்ள போகும். அப்ப ரெண்டு கம்ப்ளைன்டுக்கும் ஒரே கேஸ்கெட் காரணமா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

சுலபமா ஒரு டெஸ்ட் பண்ணுங்க. இன்ஜின் சூடானதும் ஐட்லிங்ல விட்டுட்டு ஆயில் மூடிய மெதுவா தொறங்க. நல்லா சீல் ஆன இன்ஜினா இருந்தா உடனே தடுமாறும், நின்னாலும் நிக்கும். மூடியத் தொறந்தும் ஒண்ணுமே ஆகலைன்னா வேற எங்கயோ ஏற்கெனவே பெருசா ஓட்ட இருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் (அந்த வட்டத் தட்டு இருக்கிற பாகம்) த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கிற பெரிய ரப்பர் பூட்டக் கழட்டி அடிப்பக்கத்த விரலால வளச்சுப் பாருங்க, மேல பாத்தா புதுசு மாதிரி இருக்கும், மடிப்புக்குள்ள வெடிச்சிருக்கும். இன்ஜெக்டர் உக்காருற இடத்து ஓ-ரிங், அதுக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் இன்சர்ட், இதெல்லாம் இந்த வயசுல கண்டிப்பா காஞ்சிருக்கும், அஞ்சுக்கும் சேர்த்து மாத்திடுங்க. இது முடிஞ்சப்புறம்தான் ஐட்லிங் வால்வக் கழட்டி கார்ப் கிளீனர் ஊத்திக் கழுவணும், த்ராட்டில் மூடும்போது ஐடில் சுவிட்சுல டிக்னு சத்தம் கேக்குதான்னு பாக்கணும்.

அடுத்தது சூட்டு ஸ்டார்ட்டிங். இன்ஜின் நிறுத்தினதும் லைன்ல கொஞ்ச நேரம் பிரஷர் நிக்கணும், நிக்கலைன்னா பானட் சூட்டுல பெட்ரோல் ஆவியாயிரும், திரும்ப செல்ஃப் அடிக்கும்போது பம்ப் அந்த ஆவியத் தள்ளி முடிக்கிற வரைக்கும் புடிக்காது. காலைல ஆவி இல்ல, கூடவே கோல்டு ஸ்டார்ட் வால்வும் தனியா பெட்ரோல் தெளிக்குது, அதான் ஒரே செல்ஃப்ல வருது. சூட்டுல தகராறு பண்ணும்போது சாவிய ஆன் பண்ணி ரெண்டு செகண்டு விட்டு ஆஃப் பண்ணுங்க, இப்படி அஞ்சு தடவ, அப்புறம் செல்ஃப் அடிங்க. உடனே புடிச்சா பிரஷர் நிக்காததுதான் கோளாறு. அதுக்குப் பதிலா ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு கருப்புப் புகையோட புடிச்சா இன்ஜெக்டர் சொட்டுதுன்னு அர்த்தம், அது வேற கதை.

பிரஷர் நிக்கலைன்னா சந்தேகப்பட வேண்டியது பம்ப் வாய்ல இருக்கிற செக் வால்வு (பெட்ரோல் திரும்பி டேங்குக்குப் போகாம தடுக்கிறது), பிரஷர் ரெகுலேட்டர், அப்புறம் லைன்ல பிரஷரப் புடிச்சு வெக்கிற ஃபியூவல் அக்யுமுலேட்டர். அக்யுமுலேட்டர் ஒரு சின்ன உருண்டை டப்பா, உள்ள ஸ்பிரிங்கும் டயஃப்ரமும் இருக்கும், பின்பக்க சின்ன ஹோஸக் கழட்டினா அதுல பெட்ரோல் வந்துச்சுன்னா டயஃப்ரம் கிழிஞ்சிருச்சு. இத யூகத்துல மாத்தாதீங்க, கேஜ் போட்டுப் பாக்கணும். சிஸ்டம் பிரஷர் ஆறு பாருக்கு மேல நிக்கிற லைன் இது, சாதா இன்ஜெக்‌ஷன் கார் மாதிரி மூணு பார் இல்ல, நட்ட லூஸ் பண்ணினா முகத்துல பீச்சும், அதனால இன்ஜின் ஆறின பிறகு, துணி சுத்தி, பக்கத்துல தீயணைக்கிற சிலிண்டர் வெச்சுக்கிட்டுதான் தொடணும்.

நாலு வருஷம் நின்ன வண்டிங்கிறதால உங்க மெக்கானிக் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, பழைய பெட்ரோல் பிசினாகி பிளஞ்சர் ஒட்டும். ஆனா ஒட்டினா காலைலயும் ஒட்டுமே? ஏர்ஃப்ளோ தட்டக் கையால மெதுவா நகத்திப் பாருங்க, ஒரே சீரான எதிர்ப்போட போய்ட்டு வரணும், நடுவுல சிக்கினாதான் பிளஞ்சர். சிக்கினாலும் முதல்ல கழட்டிக் கழுவிப் பாக்கலாம், கழட்டும்போது பிளஞ்சர் கீழ விழாம பாத்துக்கணும், ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. இன்னொண்ணு, ஏர்ஃப்ளோ மீட்டர்ல 3 மில்லி ஆலன் கீ போற மிக்ஸ்சர் ஸ்க்ரூ இருக்கும், ஏர் லீக் சரி பண்ணாம அதத் திருகாதீங்க, யாராவது ஏற்கெனவே திருகியிருந்தா எத்தன சுத்துன்னு கேட்டு வெச்சுக்குங்க.

டெம்பரேச்சர் சென்சரையும் மல்டிமீட்டர்ல அளந்துடுங்க, ஆறின இன்ஜின்ல 20 டிகிரி பக்கம் ரெண்டு, ரெண்டரை கிலோ ஓம், 80 டிகிரில முந்நூத்திச் சொச்சம் ஓம். சூட்டுலயும் கிலோ ஓம்லயே நின்னா இசியு (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) இன்ஜின் இன்னும் ஆறிக் கெடக்குன்னு நெனச்சு பெட்ரோல அள்ளி ஊத்தும்.

மத்த வழக்கமான தொல்லைகள்: காலைல ரெண்டு நிமிஷம் டேப்பட் சத்தம் வந்து அடங்கினா பயப்பட வேணாம். ஸ்டார்ட் பண்ணதும் ஒரு கொத்து நீலப் புகை வந்தா வால்வு சீல். ஹெட்டோட பின்னாடி ஆயில் வழிஞ்சா இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர் அடி ஓ-ரிங்.

டைமிங் பெல்ட் மட்டும் தள்ளிப் போடாதீங்க. கிலோமீட்டர் எவ்வளவு கம்மின்னாலும் நாலு வருஷம் நின்ன பெல்ட்டு, அதுக்கு முன்னாடி எப்ப மாத்தினதுன்னு பில் இல்லன்னா அடுத்த லாங் டிரைவுக்கு முன்னாடியே மாத்துங்க. இந்தப் பத்து வால்வு இன்ஜின்ல வாட்டர் பம்ப்பையே திருப்பித்தான் பெல்ட்ட டைட் பண்ணுவாங்க, தனி டென்ஷனர் கிடையாது. பெல்ட்டுக்காக பம்ப்பத் திருப்பினதும் உள்ள அமுங்கிக் கெடந்த பழைய ஓ-ரிங் ஒழுக ஆரம்பிக்கும், அதனால பெல்ட்டும் பம்ப்பும் ஒரே வேலையா முடிச்சிடுங்க. கிராங்க் புல்லி போல்ட்டு ஆடியோட 2079 டூல் போட்டா 350 நியூட்டன் மீட்டர், அந்த டூல் இல்லாம நேரா இறுக்கினா 450. சாதா ஸ்பேனரும் பைப்பும் வெச்சு குத்துமதிப்பா முறுக்குற எடத்துல விடாதீங்க.

முதல்ல வால்வு கவர் கேஸ்கெட், டிப்ஸ்டிக் ஓ-ரிங், ரப்பர் பூட், இன்ஜெக்டர் சீல், இந்த நாலும் மாத்திட்டு ஒரு வாரம் ஓட்டுங்க. அப்பவும் சூட்டுல தகராறு பண்ணினா கேஜ் போட்டு, ஓடும்போது எத்தன பார், நிறுத்தி பத்து நிமிஷம், இருபது நிமிஷம் கழிச்சு எத்தன பார்னு மூணு ரீடிங் எடுத்து எழுதுங்க, செக் வால்வா அக்யுமுலேட்டரான்னு அத வெச்சுப் பாப்போம்.