மிரளும் குதிரை, மிரளும் சவாரிக்காரர்: சில கேள்விகளும் பதில்களும்

வாணியம்பாடி ரயில் நிலைய வாசலில் ஜட்கா நிறுத்தியவர் என் தாத்தா. ஆட்டோ வந்து ஜட்காவை விழுங்கிவிட்டது. குதிரை மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. வாலாஜாபேட்டைக்கு வெளியே ஐந்து குதிரைகளை வைத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளாகப் பிறர் குதிரைகளையும் பழக்கிக் கொடுக்கிறேன். சவாரியில் மிரளும் குதிரையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பாய், என்னிடம் இருப்பது ஆறு வயது மார்வாரிப் பெண்குதிரை. கொட்டிலில் பசு மாதிரி நிற்கிறது. ஏறிச் சாலைக்குப் போனால், ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே பக்கவாட்டில் தாவுகிறது. எல்லாம் திமிர் என்கிறார் மாமா. அப்படியா?

பதில்: இல்லை தம்பி. மேய்ந்து பிழைக்கிற பிராணிக்கு ஓட்டம்தான் கொம்பு. புதரில் அசைந்தது காற்றா, புலியா என்று நின்று யோசித்த குதிரைகளுக்கு வாரிசு இல்லை. முதலில் ஓடிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்த்தவற்றின் பேத்திதான் உங்களுடையது.

அதன் கண்ணையும் புரிந்துகொள்ள வேண்டும். தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்கு அடியிலும் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், இவ்வளவுதான் தெரியாத இடம். ஆனால் ஓரத்தில் அசைவு தெரிகிற அளவுக்கு உருவம் தெளிவாகத் தெரியாது. அதனால்தான் தலையைத் தூக்கியும் தாழ்த்தியும் பார்க்கிறது. அந்த நேரத்தில் நாம் லகானை இறுக்கிப் பிடிப்பது, மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு படிக்கச் சொல்வதற்குச் சமம். வெளிச்சம் மாறினால் குதிரையின் கண் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் ஆகும். புளியமர நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் சாலையில் அது தயங்கினால் அவசரப்படுத்தாதீர்கள். சிவப்புத் துணியைக் கண்டால் மிரளும் என்பது வெறும் பேச்சு. சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. துணி ஆடுவதுதான் அதற்குப் பயம்.

ஆம்பூரிலிருந்து ஒருவர்: இடப்பக்கம் லாரி போனால் என் குதிரை கண்டுகொள்வதில்லை. வலப்பக்கம் சைக்கிள் வந்தாலும் துள்ளுகிறது. குதிரையின் மூளையில் இரண்டு பாதிக்கும் தொடர்பு கிடையாது, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் கற்றுத்தர வேண்டும் என்கிறார்களே?

பதில்: தொடர்பு இருக்கிறது. ஒரு கண்ணால் கற்றதை மறு கண்ணால் பார்க்கும்போதும் குதிரை அடையாளம் காணும். ஆனால் கோணம் மாறினால் பொருளே மாறிவிட்டதாக அது நினைப்பதும் உண்டு. போகும்போது கடந்த சுமைதாங்கிக் கல்லைத் திரும்பி வரும்போது முறைத்துப் பார்ப்பது அதனால்தான். போதாக்குறைக்கு நாம் எல்லாவற்றையும் இடப்பக்கமாக நின்றே செய்கிறோம். சேணம் பூட்டுவது, ஏறுவது, பிடித்து நடத்துவது எல்லாம் இடது. வலப்பக்கம் நின்றும் தேய்த்துவிடுங்கள், அந்தப் பக்கமாகவும் பிடித்து நடத்துங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. எப்போதும் ஒரே பக்கம் மிரளும் குதிரையின் கண்ணைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணுக்குள் அழற்சி வந்து வந்து போகும் நோய் குதிரைகளுக்கு உண்டு. வெளியே நீர் வடிவது மட்டும்தான் நமக்குத் தெரியும், உள்ளே பார்வை குறைந்துகொண்டே போகும். நேற்று வரை ஒழுங்காக இருந்த குதிரை திடீரென்று மிரளத் தொடங்கினால் கண், பல், முதுகு மூன்றையும் பார்த்த பிறகே பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

திருப்பத்தூரிலிருந்து: குதிரைக்குச் சுழி சரியில்லை, அதனால்தான் மிரளுகிறது, விற்றுவிடு என்கிறார் தரகர்.

பதில்: அவரே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருப்பாரே? சுழி பார்க்கிற நேரத்தில் சேணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பஞ்சு ஒரு பக்கம் கட்டி தட்டியிருக்கும், அல்லது ஆணி ஒன்று தலைநீட்டிக்கொண்டிருக்கும்.

ஆற்காட்டிலிருந்து: மிரளும் பொருளிடமே விரட்டிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், இரண்டு சாட்டை வைத்தால் பயம் தெளிந்துவிடும் என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். சரியா?

பதில்: நானும் அப்படி நம்பியவன்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு சாம்பல் குதிரையைப் பழக்க எடுத்தேன். ஏரிக்கரை மதகைக் கண்டால் நிற்கும். ஒரு நாள் கோபத்தில் சாட்டையால் விளாசி மதகைத் தாண்ட வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மறுநாள் மதகுக்கு இருநூறு அடி முன்பே அது நடுங்கி வியர்த்தது. மதகில் ஏதோ இருக்கிறது என்று அதுவரை சந்தேகப்பட்டது, அடி விழுந்த பிறகு உறுதி செய்துகொண்டது. அந்தக் குதிரையை மீட்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. சாட்டையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்.

கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். மிரளும் பொருளை நீயே தொட்டுக் காட்டி மெல்ல அழைத்துப் போ, அடித்தால் பயம்தான் கூடும் என்பது அவர் கருத்து.

இனி நான் செய்வதைச் சொல்கிறேன். குதிரை பொருளைப் பார்க்கும், ஆனால் இன்னும் துள்ளாது. அப்படி ஒரு தூரம் இருக்கும். காது இரண்டும் முன்னால் குத்திட்டு நிற்கும், கழுத்து விறைக்கும், மூச்சு ஒரு கணம் நிற்கும். அங்கேயே நிறுத்துங்கள். லகானைக் கொஞ்சம் தளர்த்தி, பார்க்க விடுங்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அதுதான் இதில் கடினமான வேலை. சிறிது நேரத்தில் தலை தாழும், பெருமூச்சு விடும், வாயை மெல்லும். அது தளர்ந்த அந்த நொடியில் நீங்களே திருப்பி விலக்கிக் கொண்டு போங்கள். பயந்து ஓடியதால் தப்பினோம் என்று அது நினைக்கக் கூடாது, அமைதியானதால் விலக்கப்பட்டோம் என்று நினைக்க வேண்டும். பிறகு மறுபடி வாருங்கள், இரண்டு தப்படி கூட. ஒரே நாளில் பொருளைத் தொட்டே தீருவது என்று பிடிவாதம் வேண்டாம். பதினைந்து நிமிடம் போதும். சில குதிரைகளுக்கு முன்னால் இறங்கி நடந்து போய் நீங்கள் அந்தப் பொருளைத் தட்டிக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். இறங்கினால் குதிரை நம்மை மதிக்காது என்பார்கள். நான் ஆயிரம் முறை இறங்கியிருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து: மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடக் குதிரை வாங்கியிருக்கிறேன். பேண்டு வாத்தியமும் பட்டாசும் ஆகவே ஆகாது என்கிறது. அடுத்த மாதம் முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன.

பதில்: அடுத்த மாதத்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே ஒரு மாப்பிள்ளை, சுற்றிலும் குழந்தைகள், நடுவில் மிரண்ட குதிரை. இதில் நஷ்டக் கணக்கு பார்க்க ஒன்றும் இல்லை.

சத்தத்தைத் தீனியோடு சேர்த்துப் பழக்குங்கள். கைப்பேசியில் மேளச் சத்தத்தைப் பதிந்துகொண்டு, கொள்ளு தின்னும் நேரத்தில் தூரத்தில் மெதுவாகப் போடுங்கள். தின்பதை நிறுத்தித் தலை தூக்கினால் சத்தம் அதிகம் என்று பொருள், குறைத்துவிடுங்கள். கண்டுகொள்ளாமல் தின்றால் மறுநாள் ஒரு படி கூட்டுங்கள். பிறகு நிஜ மேளம், நூறு அடிக்கு அப்பால், பக்கத்தில் ஒரு கிழட்டுக் குதிரையோடு. கூட்டத்தில் மூத்தது அசையவில்லை என்றால் இளையது பாதி அடங்கிவிடும். பட்டாசை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். சில குதிரைகள் அதற்குப் பழகுவதே இல்லை, அவற்றை ஊர்வலத்துக்கு விடாதீர்கள். உங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நடக்கும் அல்லவா? அந்தக் கூட்டத்தில் பழகிக்கொள்ளட்டும் என்று மட்டும் இறக்கிவிடாதீர்கள். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுகிற வேலை அது.

இன்னொன்று, எத்தனை படி கொள்ளு வைக்கிறீர்கள்? நாளெல்லாம் கட்டிப்போட்டுத் தானியத்தைக் கொட்டினால் அந்தச் சூடு எங்கேயாவது வெளியே வரத்தான் செய்யும். வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பெண்: அண்ணா, சென்ற ஆண்டு விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. இப்போது குணமாகிவிட்டது. ஆனால் சேணத்தில் உட்கார்ந்ததும் கை நடுங்குகிறது. முன்பு மிரளாத இடங்களில்கூட இப்போது குதிரை மிரளுகிறது. என் பயம் அதற்குத் தெரியுமா?

பதில்: தெரியும் அம்மா. சுவீடனில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2009இல் வெளிவந்தது. குதிரையோடு ஒரே பாதையில் சிலமுறை போய்வரச் சொன்னார்கள். கடைசி முறை, வழியில் குடை ஒன்று விரிக்கப்படும் என்று ஆளிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் ஆளின் இதயத் துடிப்பு ஏறியது, கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது. இல்லாத குடைக்கு இரண்டும் பயந்தன.

பயப்படாதீர்கள் என்று சொல்வதில் பயன் இல்லை. உடம்பு செய்கிறதை மாற்றலாம். பயம் வந்தால் நாம் மூன்று காரியம் செய்கிறோம்: மூச்சைப் பிடிக்கிறோம், தொடையை இறுக்குகிறோம், அந்தப் பொருளையே வெறிக்கிறோம். சிங்கம் ஒன்று முதுகில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, குதிரைக்கு அப்படி இருக்கும். அதனால் பாடுங்கள். கேலி இல்லை. பாடுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. குதிகாலைத் தாழ்த்தி, பொருளைத் தாண்டி நீங்கள் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். சேணத்தின் முன்பக்கம் ஒரு வார்ப்பட்டையைப் பிடிபோலக் கட்டிக்கொள்ளுங்கள். துள்ளினால் அதைப் பிடிக்கலாம், லகானைப் பிடித்துத் தொங்கி அதன் வாயைப் புண்ணாக்க வேண்டாம். தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். முதல் இரண்டு வாரம் வேறு ஒருவர் கயிறு பிடித்து நடத்தட்டும், நீங்கள் சும்மா உட்கார்ந்து வாருங்கள்.

மேல்விஷாரத்திலிருந்து: பாலாற்று மணலில் ஓட விட்டுக் களைக்க வைத்தால் மிரட்சி போய்விடுமா?

பதில்: களைப்புதான் வரும், தைரியம் வராது. ஆழமான மணலில் வேகமாக ஓடினால் காலின் பின்பக்கத் தசைநாண் போய்விடும். மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு. மே மாத வேலூர் வெயிலில் நினைத்தும் பார்க்காதீர்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார் என்று பாடம் நடத்துகிறேன். அத்தனை துப்பாக்கிச் சத்தத்தில் அந்தக் குதிரைகள் மிரளவில்லையா என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள்.

பதில்: அந்தப் பெண்ணுக்கு என் சலாம். யார் பக்கம் நியாயம் என்பதை நீங்கள் நடத்துங்கள், நான் குதிரையின் பக்கம் மட்டும் சொல்கிறேன். ஆற்காட்டில் இருந்தது 19ஆவது இலகு குதிரைப்படை. வேலூருக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். படைக்குதிரைகளைச் சத்தத்துக்குப் பழக்கும் முறை நான் குடியாத்தத்து நண்பருக்குச் சொன்னதுதான்: தீனி வைக்கும் நேரத்தில் தூரத்தில் வெடி, நாளாக நாளாகப் பக்கத்தில். அதோடு, படையில் குதிரை தனியாக இருப்பதில்லை. இரு பக்கமும் தெரிந்த குதிரைகள் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது நின்று மிரளுவதுதான் அதற்கு அதிகப் பயம்.

வாலாஜாபேட்டையிலிருந்து: மிரண்டு ஓடியே விட்டது என்றால் என்ன செய்வது?

பதில்: இரண்டு லகானையும் சேர்த்து இழுக்காதீர்கள், அது எதிர்த்து இழுக்கும், நீங்கள் தோற்பீர்கள். பின்னால் சாய்ந்து ஆழமாக உட்கார்ந்து, ஒரு பக்க லகானை மட்டும் விட்டு விட்டு இழுத்து, பெரிய வட்டத்தில் திருப்புங்கள். வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கினால் வேகம் குறையும். தார்ச்சாலையில் லாடம் வழுக்கும், அங்கே சடாரென்று திருப்பினால் இருவரும் விழுவீர்கள். திறந்த வயல் பக்கம் திருப்புங்கள். கத்தவே கத்தாதீர்கள்.

வாணியம்பாடியிலிருந்து: ஜட்காக் குதிரைக்குக் கட்டுவது போலக் கண்பட்டை கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது அல்லவா?

பதில்: தாத்தா கட்டினார். பின்னால் உருளும் சக்கரத்தைக் குதிரை பார்க்கக் கூடாது என்பதற்கு. சவாரிக்குதிரைக்குச் சக்கரம் இல்லை. பட்டை கட்டினால் பக்கத்தில் வருவது கடைசி நொடியில் திடீரென்று முளைக்கும், மிரட்சி கூடும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெயில் ஏறுமுன் குதிரையை என் கொட்டிலுக்குக் கூட்டி வாருங்கள். பட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு குடை மட்டும் எடுத்து வாருங்கள்.