சரக்கொன்றை விதை ஏன் முளைப்பதில்லை?

இரண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றியும் சரக்கொன்றை விதை முளைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விதை செத்திருக்காது. அதன் கெட்டித்தோல் தண்ணீரை உள்ளே விடாது, அவ்வளவுதான்.

கறுத்து முற்றிய காயை உடைத்தால், காசு அடுக்கியதுபோல் தடுப்புகள்; நடுவே பிசுபிசுத்த கறுப்புச் சதையும் பழுப்பு விதையும் இருக்கும். சதையைக் கழுவிவிட்டு விதையின் பக்கவாட்டை உப்புத்தாளில் தேயுங்கள். உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். காம்பு ஒட்டியிருந்த முனையைத் தொடாதீர்கள், முளைக்கரு அங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஓர் இரவு ஊறப் போடுங்கள். காலையில் நன்றாக உப்பியிருந்தால் சரி. உப்பாததை மறுபடி தேய்க்கணும். உப்பியதை உடனே மணல் கலந்த மண்ணில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள்.

வெந்நீரிலும் ஊறவைக்கலாம். ஆனால் சூடு கூடினால் விதை வெந்துவிடும், அதனால் என் ஓட்டு உப்புத்தாளுக்குத்தான்.