வா என்ற கொடியும் வாராதே என்ற கொடியும்

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்ற சிலப்பதிகார அடிகளை உவமை அணி என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தாள். ‘போல்’ என்ற உருபு கண்முன்னே நிற்கும்போது அது எப்படி உவமை ஆகாமல் போகும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உருபைக் கண்டவுடன் அணியின் பெயரை எழுதிவிடும்படி பழக்கிவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. உவமைக்கு இரண்டு பொருள்களும் அவற்றுக்கிடையே ஒரு பொதுத்தன்மையும் வேண்டும். அந்தப் பொதுத்தன்மை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின்வழித் தோன்றும் என்கிறது தொல்காப்பியத்தின் உவமவியல். ‘மலர் போன்ற முகம்’ என்றால் மலரும் உண்டு, முகமும் உண்டு. மதுரைக் கோட்டைக் கொடிக்கு இளங்கோவடிகள் அப்படி இன்னொரு பொருளை இணை வைக்கவில்லை. காற்றில் இயல்பாக அசையும் கொடிக்கு, ‘உள்ளே வராதீர்கள்’ என்று தடுக்கும் நோக்கத்தைத் தம் உள்ளத்திலிருந்து எடுத்து ஏற்றுகிறார். இது தற்குறிப்பேற்ற அணி. ‘போல்’ இங்கே பொருள்களை ஒப்பிட வரவில்லை. கவிஞரின் கருத்தை நிகழ்ச்சியோடு பிணைக்க வந்திருக்கிறது.

இந்த அடிகள் வரும் புறஞ்சேரி இறுத்த காதையைச் சற்று முன்னிருந்து படித்தால் இது இன்னும் தெளிவாகும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையைக் கரைக்கு வருகிறார்கள். ஆற்றில் பூக்கள் மிதக்கின்றன. கண்ணகிக்கு நேரவிருப்பதை அறிந்தவள்போல, வையை மலராடையைப் போர்த்துக்கொண்டு கண்ணில் நிறைந்த நீரை மறைத்தாள் என்கிறார் இளங்கோ. அவர்கள் மரப்புணையில் ஏறி அக்கரை சேர்ந்தபின், அகழியின் குவளையும் ஆம்பலும் தாமரையும் கண்ணீர் கொண்டு நடுங்குகின்றன. அதன்பிறகே கொடி கைகாட்டுகிறது. ஆறும் பூவும் கொடியும் அறிந்த ஒன்றை நடந்துபோகும் கோவலனும் கண்ணகியும் மட்டும் அறியவில்லை. கோவலன் கொலையுண்பான் என்று எங்கும் சொல்லாமலே நம் நெஞ்சைப் பதறவைக்கும் இந்த இடத்தை அணிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் படித்துவிட்டுப் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதே கொடி கம்பனிடம் வேறு பேச்சுப் பேசுகிறது. மிதிலைக் காட்சிப் படலத்தில், தாமரையை நீங்கித் திருமகள் இங்கு வந்திருக்கிறாள் என்று சொல்லி, ‘செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி’ அந்நகரம் இராமனை ‘ஒல்லை வா’ என்று அழைக்கிறது. அசைவு ஒன்றுதான், ஏற்றப்பட்ட குறிப்புத்தான் வேறு. ‘கொடிகள் என்னும் கைகள்’ என்ற தொடரில் கொடியே கையாகிவிடுவதால் அது உருவகம் என்பதையும், ஓர் அணிக்குள் இன்னோர் அணி தங்கியிருப்பதையும் உங்கள் மகளுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: ‘தேன்மொழி’, ‘மொழித்தேன்’ இரண்டும் ஒன்றுதானே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. தேன்மொழி என்பது தேன் போன்ற மொழி, அதாவது உவமைத்தொகை. மொழித்தேன் என்பது மொழியாகிய தேன். அங்கே வேறுபாடே மறைந்து மொழி தேனாகவே நிற்பதால் அது உருவகம்.

கேள்வி: வஞ்சப்புகழ்ச்சி என்பது வெறும் கேலிதானா?
– வாசகர், திருச்சி

பதில்: கேலியில் குத்து முதலிலேயே தெரிந்துவிடும், வஞ்சப்புகழ்ச்சியில் புகழ்ச்சி முழுமையாக நடந்து முடிந்தபிறகே அது உறைக்கும். கயவர் தேவரைப் போன்றவர் என்று தொடங்கும் குறள் (1073), ‘அவருந்தாம் மேவன செய்தொழுக லான்’ என்று காரணம் சொல்லும்போதுதான், மனம்போனபடி நடப்பவர் என்ற பழி வெளிப்படுகிறது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமான் காட்டிய படைக்கலங்களைப் பார்த்து, இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்று பாராட்டினார் (புறநானூறு 95). அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போரே காணாத வேல்கள் என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. தூதர் ஒருவர் பகையரசன் முன் நின்று அதைச் சொல்ல வேறு வழியும் இல்லை.