1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்கத் தென்மாநிலக் குடும்பப் பண்ணைகளில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்?

ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் ஒரு சிற்றூரில் நான் ஐந்தாண்டுகள் வேலை பார்த்தபோது, பக்கத்து வீட்டில் எண்பத்தைந்தைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். பெருமந்தம் என்ற பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது தம் தந்தையின் சொந்தப் பண்ணையில் வளர்ந்தவர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் நானும் சிறுவயதில் பருத்தி எடுத்தவன் என்று தெரிந்ததும், "அப்படியானால் உனக்கு விளக்க வேண்டியதில்லை" என்று விரல் நுனிகளைக் காட்டினார். வெடித்த காயின் காய்ந்த ஓடு நகக்கண்ணில் ஏறும் வலிக்கு நாடு ஏது! இந்தப் பதில் பெரும்பாலும் அவரிடம் கேட்டது.

முதலில் காசு. 1929-ல் பவுண்டுக்கு ஏறத்தாழ 17 சென்ட் விற்ற பருத்தி, 1931-ல் 6 சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. 500 பவுண்டுப் பொதி ஒன்று 30 டாலர்கூடப் பெறவில்லை. ஆனால் சொந்த நிலம் உள்ள வீட்டில் அடுப்பு அணைந்ததில்லை. மக்காச்சோளம், தட்டாம்பயறு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கீரை எல்லாம் காட்டிலேயே விளைந்தன. முதல் கடுங்குளிர் வந்ததும் பன்றியை அறுத்து, உப்பிட்டு, புகைபோட்டுத் தொங்கவிடுவார்கள். உப்பு, காபித்தூள், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குத்தான் கடைக்குப் போக வேண்டும். அதற்கும் பெரும்பாலும் முட்டைதான் பணம். பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் அன்று மின்சாரம் இருந்தது என்பதால் மண்ணெண்ணெய் இல்லாமல் இரவு நகராது. பிற்காலத்தில் அதிபரான ஜிம்மி கார்ட்டரும் அந்த வட்டாரத்துப் பிள்ளைதான். சிறுவனாக இருக்கும்போதே வேர்க்கடலையை வேகவைத்துப் பொட்டலம் கட்டி பிளெய்ன்ஸ் ஊரில் விற்றவர்.

உடைக்கு மாவு மூட்டையின் துணி. அச்சடித்த எழுத்தை ஊறவைத்துத் துவைத்துப் போக்குவதற்குள் கை ஓய்ந்துவிடுமாம். வாங்குவோரின் மனம் அறிந்து, மாவு ஆலைகள் பிற்பாடு பூப்போட்ட துணியிலேயே மூட்டை கட்டின. ஒரு கவுனுக்கு ஒரு மூட்டை போதாது. ஆகவே கடைக்குக் கிளம்பும் அப்பாவின் கையில் துணித்துண்டு ஒன்றைக் கொடுத்து, "இதே பூவாகப் பார்த்து எடுத்து வாருங்கள்" என்று அம்மா சொல்லி அனுப்புவாராம். தராசைவிடப் பூவுக்குத்தான் அப்பா அதிகம் பயந்தார் என்று சொல்லி மூதாட்டி சிரித்தார்.

"நாங்கள் ஏழைகள் என்றே எங்களுக்குத் தெரியாது" என்று அக்காலத்தவர் பலர் சொல்வதுண்டு, இவரும் சொன்னார். அது நிலம் இருந்த வீட்டின் நினைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே பண்ணையின் கடைக்கோடியில் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பம் ஒன்று இருந்தது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. மீதிப் பாதியிலிருந்து விதை, உரம், சாப்பாட்டுக் கடன் எல்லாவற்றையும் வட்டியோடு கழித்தால், ஆண்டு முடிவில் பல குடும்பங்களுக்குக் கடன்தான் மிஞ்சும். மக்காச்சோள மாவும் பாகும் பன்றிக் கொழுப்பும் மட்டுமே உண்டவர்களுக்கு, வயிறு நிறைந்தும் பெலாக்ரா என்னும் சத்துக்குறை நோய் வந்து தோல் வெடித்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து வந்த சாலையில், அந்தக் குடும்பத்துச் சிறுமி நடந்து வேறொரு பள்ளிக்குப் போனாள்; பருத்தி எடுப்புக் காலத்தில் அதுவும் இல்லை.

1933-ல் விலையை உயர்த்துவதற்காக, நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை அரசு பணம் கொடுத்து உழுது அழிக்கச் செய்தது. செடியை மிதிக்காமல் சாலுக்கு இடையில் நடந்தே பழகிய கோவேறு கழுதைகள், செடிமேல் ஏற மறுத்து நின்ற கதை தென்மாநிலமெங்கும் உண்டு. தம் அப்பாவின் கழுதையும் அப்படித்தான் நின்றது என்று மூதாட்டி நெடுநேரம் சிரித்தார். உழ நிலம் குறைந்ததும் வாரக்குடிகள் பலரை வெளியேற்றிவிட்டார்கள் என்று படித்திருந்ததால், கடைக்கோடி வீட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். அந்தக் குளிர்காலத்தில் வீடு காலியாக இருந்தது என்றார். எந்த ஊருக்குப் போனார்கள் என்று அப்பா சொல்லவில்லையாம், தாமும் கேட்கவில்லையாம்.