ஹோம் தியேட்டரில் ஒலி வருகிறது, படம் மட்டும் மறைந்து மறைந்து வருகிறது. புரொஜெக்டரை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரையாவது மாற்றாதீர்கள்.

நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இரண்டு மூன்று வினாடி கறுத்துவிட்டுத் திரும்புகிறது, ஒலி நிற்பதில்லை, சில நாள் வரவே வராது, சில நாள் அடுத்தடுத்து வரும். பார்க்க வந்தவர் புரொஜெக்டரில் போர்டு போய்விட்டது என்கிறார். மற்றதை நானே ஊகித்துக்கொள்கிறேன். பிளேயரிலிருந்து வருவதை வாங்கி ஒலியை ஸ்பீக்கருக்கும் படத்தைப் புரொஜெக்டருக்கும் அனுப்பும் ரிசீவர் ஒரு சுவரோரம், புரொஜெக்டர் எதிர்ப்புறக் கூரையில், நடுவில் வீடு கட்டும்போதே சுவருக்குள் பதித்த, படத்தையும் ஒலியையும் சுமக்கும் நீளமான எச்டிஎம்ஐ கேபிள். சரிதானே? எங்கள் ஈரோட்டு வீட்டிலும் இதே அமைப்பு, இதே நோய். ‘போர்டு போய்விட்டது’ என்ற தீர்ப்பும் எழுத்து மாறாமல் எனக்கும் கிடைத்தது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சாப்பாட்டை ஆறவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மின்னணுவியல் படித்தவன் அல்லன், ஜவுளி மொத்த வியாபாரத்தில் கணக்கு எழுதுகிறவன். தொகை இடித்தால் எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று தேடுவோமே தவிர, பேரேட்டையே தூக்கி எறிய மாட்டோம். அந்தப் பழக்கம்தான் எனக்கு இதில் உதவியது.

முதலில் புரொஜெக்டரை விசாரியுங்கள். பழைய பாணி விளக்கு உள்ள புரொஜெக்டர் என்றால், விளக்கு ஒருமுறை அணைந்தால் மூன்று வினாடியில் மீண்டும் எரியாது. சூடு தணிந்து பிடிக்க நேரமாகும். ஆகவே மூன்று வினாடியில் படம் முழு வெளிச்சத்தோடு திரும்புகிறது என்றால் விளக்கின் மேல் குற்றமில்லை. அடுத்து, ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்து, திரை கறுக்கும்போது புரொஜெக்டரின் மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனு தெரிந்தால், படத்தை உருவாக்கும் பகுதி நன்றாக இருக்கிறது, உள்ளே வர வேண்டிய சிக்னல்தான் வரவில்லை.

ஒலி நிற்காமல் இருப்பதும் ஒரு தடயம். பிளேயரிலிருந்து ரிசீவருக்கு வரும் இணைப்பு துண்டித்தால் இரண்டும் சேர்ந்து போக வேண்டும். ஒலி ரிசீவரோடு நின்றுவிடுகிறது, படம் மட்டும்தான் அதைத் தாண்டிப் புரொஜெக்டருக்குப் போகிறது. எனவே சந்தேகம் அந்தக் கடைசித் துண்டின் மேல். இது கல்வெட்டு அல்ல. சில ரிசீவர்களில் கடைசித் துண்டு அறுந்தாலும் ஒலி ஒரு கணம் விழும், ஆகவே ஒலியும் போகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

பிறகு செலவே இல்லாத சோதனை. புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, பிளேயரை அதன்மேல் வைத்து, ஒன்றிரண்டு மீட்டர் கேபிளில் நேராக இணையுங்கள். ஒலி புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் போதும். அங்கேயும் கறுத்தால், வந்தவர் சொன்ன போர்டு, சாக்கெட் பக்கம் போகலாம். கறுக்கவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் சுவருக்குள் இருக்கிறான். எங்கள் வீட்டில் ஸ்டூல் மேல் வைத்து ஓட்டியபோது ஒருமுறைகூடக் கறுக்கவில்லை. இதை எங்கள் வீட்டுக்கு வந்த சர்வீஸ்காரரிடம் சொன்னேன். “டிஜிட்டல் கேபிள் சார், வந்தால் வரும், வராவிட்டால் வராது, நடுவில் விட்டுவிட்டெல்லாம் வராது” என்றார்.

இதே வாசகத்தை இந்தப் பதிலுக்குக் கீழேயும் யாராவது எழுதுவார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேபிளில் ஓடுவது ஒன்றும் பூஜ்யமும்தான் என்றாலும், அதைச் சுமந்து போவது மின்னழுத்தம். நீளத்தில் அது தேயும். 4கே என்கிற மிக நுணுக்கமான படத்தை 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 50, 60 முறை, முழு நிறத்தோடு அனுப்ப வினாடிக்குக் கிட்டத்தட்ட 18 கிகாபிட் தகவல் போக வேண்டும். அதே 4கே சினிமா 24 ஹெர்ட்ஸில் போனால் 9 கிகாபிட்டுக்குள் முடிந்துவிடும். அதைவிட நுணுக்கம் குறைந்த 1080பி என்றால் 60 ஹெர்ட்ஸிலும் நாலரைதான். ஆகவே ஒரே கேபிளில் 24 ஹெர்ட்ஸில் வரும் சினிமா ஒழுங்காக ஓடும், 50, 60 ஹெர்ட்ஸில் வரும் கிரிக்கெட் கறுக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுவேதான். டிஸ்க்கில் பார்த்த படம் எதுவும் கறுத்ததில்லை. இணையத்திலிருந்து படம் காட்டும் ஸ்டிக்கில் 60 ஹெர்ட்ஸில் வருவதும் விளையாட்டும்தான் கறுத்தன. கறுப்பதற்கு முன் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் அதுவும் கேபிள் திணறுவதன் அடையாளம்.

பல ரிசீவர்களில் 4கே சிக்னலுக்கு ஸ்டாண்டர்டு, என்ஹான்ஸ்டு என்பதுபோல் இரண்டு நிலைகள் இருக்கும். ஸ்டாண்டர்டில் வைத்தால் நிறத் தகவலைக் குறைத்து ஏறக்குறைய பாதிச் சுமையோடு அனுப்பும். அப்படி வைத்ததும் நோய் நின்றால் கேபிள்தான். முதலில் இதைச் செய்து பாருங்கள், ஸ்டூல்கூட வேண்டாம்.

ஆனால் எப்போதும் கறுக்காமல் ஏன் சில நேரம் மட்டும்? இதற்கு விடை கண்டுபிடித்தவர் என் அப்பா. எங்கள் படம் பார்க்கும் அறை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே. அப்பாவுக்குக் கிரிக்கெட்டில் ஆர்வமில்லை, பேரன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள், “படம் போனால் தொட்டியில் தண்ணீர் விழுகிறதே, கவனித்தாயா?” என்றார். நான் சிரித்தேன். அடுத்த முறை திரை கறுத்ததும் ஒலியைக் குறைத்துவிட்டுக் கேட்டோம். சிறிது நேரத்தில் தலைக்கு மேல் தண்ணீர் கொட்டும் சத்தம்.

தொட்டி குறைந்தால் தானே போர் மோட்டாரைப் போடும் கருவி மாடியில் இருக்கிறது. அதிலிருந்து கீழே உள்ள மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பெட்டியின் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) 230 வோல்ட் வயர் ஒன்று இறங்குகிறது. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் அண்ணன், பைப்பில் இடம் இருக்கிறதே என்று அந்த வயரையும் எச்டிஎம்ஐ கேபிளையும் பாதிச் சுவர் வரை ஒன்றாகவே இழுத்துவிட்டார். ஒரு காயிலுக்குப் போகும் மின்சாரத்தைப் போடும்போதும் துண்டிக்கும்போதும் அந்த வயரில் ஒரு மின்னழுத்த உதை கிளம்பும். பக்கத்திலேயே உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் 18 கிகாபிட் கேபிளுக்கு அந்த உதை போதும். தொட்டியில் நீர்மட்டம் விளிம்பில் தளும்பும்போது கருவி போட்டுப் போட்டு அணைக்கும். அதனால்தான் சில நாள் அடுத்தடுத்து வந்தது. உதை நீடிப்பது கணநேரம்தான். ஆனால் இணைப்பு ஒருமுறை விட்டுப்போனால் இரண்டு பெட்டிகளும் மறுபடி ஒத்திசைந்து, நகல் தடுப்புக்கான எச்டிசிபி சாவிகளைப் பரிமாறிக்கொண்ட பிறகுதான் படத்தைக் காட்டும். அதற்குத்தான் அந்த இரண்டு மூன்று வினாடி.

கேபிளுக்கு வெளி மின்தொல்லையைத் தடுக்கும் ஷீல்டு உறை இருக்கிறதே, மோட்டார் கதையெல்லாம் கட்டுக்கதை என்பவர்களுக்கு: அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்தால் மானிட்டர் அணைகிறது என்ற புகாரைக் கேள்விப்பட்டதுண்டா? உயரத்தை ஏற்றி இறக்கும் வாயுத் தண்டு உள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது உண்டாகும் மின்பொறி வீடியோ கேபிளில் ஏறுவதுதான் காரணம். மானிட்டர் இணைப்புத் தொழில்நுட்பம் தரும் டிஸ்பிளேலிங்க் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறது. நாற்காலிக்கு அந்தச் சக்தி உண்டென்றால் போர் மோட்டாருக்கு இருக்காதா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்களிடம் போர்டு போய்விட்டது என்று சொல்லி விலைப்பட்டியல் கொடுத்தவர், கிளம்பும் முன், “உங்கள் கைப்பேசிக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள் சார்” என்றார். சொன்னால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். எது தீர்ந்தது? இவர் மட்டுமில்லை. எங்கள் வாஷிங் மெஷினுக்கு வந்தவர் மூடியைத் திறப்பதற்கு முன்பே ஓடிபி கேட்டார். என் மனைவி வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, மதிப்பெண் தாருங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தபோது மெஷின் தண்ணீரோடு நின்றிருந்தது. மறுபடி புகார் செய்தால் புதிய எண், புதிய வருகைக் கட்டணம். வேலை முடிந்து ஓட்டிப் பார்க்காமல் ஓடிபியைச் சொல்லாதீர்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்தது: பழைய கேபிளைச் சுவரிலேயே விட்டுவிட்டு, கூரையோரமாகத் தனிப் பட்டி அடித்து ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தேன். இதில் படத் தகவல் ஒளியாகப் போகிறது, மோட்டார் உதைக்கு அது மசிவதில்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. இதற்குத் திசை இருக்கிறது. ஒரு தலையில் சோர்ஸ் என்றும் மறு தலையில் டிஸ்பிளே என்றும் எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் படம் வராது. சட்டென்று மடக்கக் கூடாது. முக்கால் அங்குல பைப்பில் சாதாரண எச்டிஎம்ஐ தலை வளைவுகளைத் தாண்டாது. தலை தனியாகக் கழலும் வகையும் கிடைக்கிறது, பைப்பில் விடுவதாக இருந்தால் அதைத் தேடுங்கள். சில மீட்டர் தூரம்தான் என்றால் செம்புக் கேபிளே போதும். பிரீமியம் ஹை ஸ்பீடு சான்று முத்திரையை உறையில் பார்த்து வாங்குங்கள், அது 18 கிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது. தங்க முலாம் விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் திரை கறுக்கிறது என்றால் அது நோயே இல்லை. ஹெர்ட்ஸ் மாறும்போதோ, வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் படம் உள்ளே வரும்போதோ பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நடக்கும்.

ஸ்டாண்டர்டில் வைத்துப் பார்த்தபின் என்ன ஆயிற்று, கேபிள் எத்தனை மீட்டர், அந்தப் பைப்பில் கூட என்ன வயர் ஓடுகிறது என்று எழுதுங்கள். அதுவரை போர்டுக்கோ புதுப் புரொஜெக்டருக்கோ முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.